தராசு நிற்கும் வரை

ஏப்ரல் மாதக் கடைசியில் பீகாரின் பூர்ணியா மாவட்டத்துக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் நிறம். பள்ளி மைதானத்தில், வீட்டு முற்றத்தில், கோயில் வாசலில், தார்ச்சாலையின் ஒரு பாதியில் என்று வெயில் விழும் இடமெல்லாம் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். லாரிகள் மறுபாதியில் ஒதுங்கிச் செல்லும். அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. கோசி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் குளிர்காலப் பயிராக விளையும் இந்தச் சோளம், குலாப்பாக் சந்தையில் விலை பேசப்பட்டு, ரயிலிலும் லாரியிலும் நாட்டின் பல பகுதிகளிலுள்ள கோழித்தீவன ஆலைகளுக்குப் போகிறது. நம் வீட்டில் வேகும் முட்டையிலும் கோசிக்கரை மண்ணுக்கு ஒரு பங்கு இருக்கக்கூடும்.

அந்த மாவட்டத்தின் கிராமப்புறக் கிளை ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. வணிகவியல் பட்டம் பெற்று, பற்று வரவு எழுதிப் பழகிய நாங்கள், தானிய விற்பனை என்பது எவ்வளவு சிக்கலான கணக்கு என்பதை அங்கேதான் கற்றோம். கற்பித்தவர்கள் எங்கள் கடன்தாரர்களே. உழவர் தம் விளைச்சலை ஒன்று சேர்த்து விற்பதா, அல்லது அவரவர் விருப்பப்படி திறந்த சந்தையில் விற்பதா என்ற விவாதம் அங்கு ஒரு மாமரத்தடியில் நடந்தது. அதில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அந்த விவாதத்தைச் சொல்வதற்கு முன் பீகாரின் நிலையைச் சிறிது விளக்க வேண்டும். வேளாண் விளைபொருள் சந்தைக் குழுச் சட்டத்தை 2006ஆம் ஆண்டிலேயே முழுவதுமாக நீக்கிய மாநிலம் அது. சந்தைக் கட்டணம் இல்லை, உரிமம் இல்லை, குறிப்பிட்ட கூடத்தில்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மூன்று வேளாண் சட்டங்களைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்து, 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டது வரையிலான வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். அதன் அரசியலுக்குள் நுழைவது நம் வேலையன்று. திறந்த சந்தை எப்படியிருக்கும் என்று பிற மாநிலங்கள் ஊகித்துக்கொண்டிருந்தபோது, பீகார் உழவர்கள் அதில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து முடித்திருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது பஞ்சாப். ஒன்றுபட்ட பஞ்சாபில் சர் சோட்டு ராமின் முயற்சியால் 1939இல் சந்தைச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ள சட்டம் 1961ஆம் ஆண்டினது. 1965இல் இந்திய உணவுக் கழகம் தோன்றிய பின் (அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது) பஞ்சாபின் கோதுமையும் நெல்லும் பெரும்பாலும் மண்டி வழியாக, குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு, அரசின் கைக்குச் செல்கின்றன. இடையில் நிற்கும் ‘ஆர்த்தியா’ எனும் தரகர் எடைபோடுகிறார், சாக்கு தருகிறார், உழவரின் மகள் திருமணத்துக்குக் கடனும் தருகிறார். ஆனால் பஞ்சாபைப் பார்த்து நாட்டின் எல்லா உழவரையும் எடைபோடலாகாது. அரசுக் கொள்முதல் முகமைகளிடம் ஆதரவு விலைக்கு விற்றுப் பயன்பெற்ற உழவர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர்தாம் என்று 2015இல் சாந்தகுமார் குழு அறிக்கை தந்தது. எங்கள் கிளையின் வாடிக்கையாளர்கள் மற்ற 94 பேரைச் சேர்ந்தவர்கள்.

2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது மக்காச்சோளத்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,760 ரூபாய். பூர்ணியாவில் கிடைத்த விலை அதற்கு வெகு கீழே. கோழிக்கறியால் நோய் பரவும் என்ற வதந்தியால் பண்ணைகள் முடங்கியதும், தீவன ஆலைகள் வாங்குவதைக் குறைத்ததும் அதற்குக் காரணங்கள். 2022இல் பூர்ணியாவிலேயே தானிய எத்தனால் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கிய பிறகு சோளத்தைத் தேடும் கைகள் கூடின. திறந்த சந்தையின் இரண்டு முகங்களையும் அம்மக்கள் சில ஆண்டுகளுக்குள்ளாகவே பார்த்துவிட்டார்கள்.

முதல் ஆண்டும் எங்கள் பிழையும்

நாங்கள் கூறவிருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஏறத்தாழ 400 உறுப்பினர்கள். பெரும்பாலோர் பெண்கள்; ஒன்றிரண்டு ஏக்கருக்கு மேல் நிலமில்லாதவர்கள். கம்பெனிச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இடம்பெற்ற இவ்வகை நிறுவனத்தில், யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். கூட்டுறவின் உள்ளமும் கம்பெனியின் உடலும் என்று இதனை எங்கள் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளத்துக்கும் உடலுக்கும் சில நேரம் ஒத்துப்போகாது என்பதைச் சொல்லித்தரவில்லை.

நிறுவனம் தொடங்கிய முதல் ஆண்டில் அவர்கள் செய்த முதற்காரியம், ஒரு மின்னணுத் தராசையும் ஓர் ஈரப்பதமானியையும் வாங்கியது. அதுவரை ஊரில் இருந்தவை வியாபாரிகளின் தொங்கு தராசுகள். ஒரு குவிண்டாலுக்கு இரண்டு கிலோ ‘கழிவு’ என்பது வழக்கம். எதற்கான கழிவு என்று கேட்டால் ஈரம் என்பார்கள். காய்ந்த சோளத்துக்கும் அதே இரண்டு கிலோதான்.

அந்த ஆண்டு 4,000 குவிண்டால் சேர்த்து விற்பதென்று நிறுவனம் திட்டமிட்டது. அதற்குரிய கிடங்கை வாடகைக்கு அமர்த்தி, நடைமுறை மூலதனக் கடன் கேட்டு எங்களிடம் வந்தது. நாங்கள் கோப்பை மேலிடத்துக்கு அனுப்பினோம். இயக்குநர் ஒருவரின் பெயர் ஆதார் அட்டையில் ஒருவிதமாகவும் பதிவுச் சான்றில் வேறுவிதமாகவும் இருந்தது. விளக்கம் கேட்டார்கள், தந்தோம். மீண்டும் கேட்டார்கள், மீண்டும் தந்தோம். கடன் அனுமதி வந்தபோது அறுவடை தொடங்கி மூன்று வாரங்கள் கடந்திருந்தன. மழைமேகம் திரண்டிருக்க, விதைக்கடைக்கும் உரக்கடைக்கும் பாக்கி நிற்க, முன்பணம் இல்லாத நிறுவனத்திடம் சோளத்தை ஒப்படைத்துவிட்டு யார் காத்திருப்பார்கள்? வந்து சேர்ந்தது 900 குவிண்டால். கிடங்கு வாடகை மட்டும் 4,000 குவிண்டாலுக்கு. முதல் ஆண்டுக் கணக்கில் நட்டம் விழுந்தது. அதில் பாதிக்குக் காரணம் நாங்கள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். பயிருக்கு ஒரு நாள்காட்டி உண்டு. கோப்புக்கு அது கிடையாது.

நிறுவனத்தைத் தொடர்வதா கலைப்பதா என்பதை முடிவு செய்ய, மறு ஆண்டு பிப்ரவரியில் உறுப்பினர்கள் மாமரத்தடியில் கூடினார்கள்.

மாமரத்தடிப் பேச்சு

முதலில் எழுந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘சாச்சா’. “மேனேஜர் சாஹிப், எனக்கு யார் மீதும் பகையில்லை. இந்த ஆண்டு எங்கள் தெரு வியாபாரியும் மின்னணுத் தராசு வாங்கிவிட்டார். கழிவு கேட்பதில்லை. வாசலுக்கு வந்து எடை போட்டு, கையில் பணம் தருகிறார். நள்ளிரவில் என் பேரனுக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் கதவைத் தட்டினால் ஐந்நூறு ரூபாய் கிடைக்கும். கம்பெனியின் கதவு எது?” என்றார். எங்கள் இந்தி அப்போது முழுவதும் தேறியிருக்கவில்லை. ஆயினும் கடைசிக் கேள்வி எங்களையும் சேர்த்துக் கேட்கப்பட்டது என்பது புரிந்தது.

அவருக்கு மறுமொழி கூறியவர் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான பெண்மணி. எல்லோரும் ‘தீதி’ என்றழைப்பவர். “சாச்சா, அவர் தராசை மாற்றியது எப்போது? முப்பது ஆண்டுகளாக மாற்றாதவர் போன ஆண்டு ஏன் மாற்றினார்? நம் தராசு சாலை முனையில் வந்து நின்றதால்தானே? இதை நாம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் பழைய தராசு பரணிலிருந்து இறங்கிவிடும்.”

விவாதத்தின் சாரம் இவ்விரு பேச்சுகளிலும் அடங்கிவிட்டது. ஆனால் வங்கியாளர்களான எங்களால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. வாசகர்களுக்கும் அதைக் காட்டுகிறோம். விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, முறை உண்மையானது.

வியாபாரி குவிண்டாலுக்கு 1,800 ரூபாய் சொல்கிறார் என்று கொள்வோம். இரண்டு கிலோ கழிவு போனால் உழவர் கையில் வருவது 1,764 ரூபாய். நிறுவனம் மொத்தமாகச் சேர்த்து உடனே ஒரு தீவன ஆலைக்கு 1,880 ரூபாய்க்கு விற்கிறது. சாக்கும் ஏற்றுகூலியும் 40, வண்டிச் செலவு 30, நிறுவனத்தின் செலவுக்கு 20 ஆகமொத்தம் 90 போக உழவருக்கு 1,790. அதாவது 26 ரூபாய் கூடுதல். இப்போது வியாபாரி கழிவைக் கைவிட்டு முழு 1,800 தருகிறார். நிறுவனம் தருவதைவிட அவர் தருவது 10 ரூபாய் அதிகம்! நிறுவனம் தன் வேலையைச் சரியாகச் செய்ததனாலேயே அதன் உறுப்பினர் அதை விட்டுப் போவதற்குக் காரணம் கிடைக்கிறது. சாச்சா சொன்னது பேராசையன்று, சரியான கணக்கு. தீதி சொன்னதும் சரியான கணக்கு. ஒருவர் இந்த ஆண்டின் பேரேட்டைப் பார்க்கிறார். மற்றவர் அடுத்த ஆண்டின் பேரேட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்.

‘மூன்று மாதம் வைத்திருந்து விற்றால் நல்ல விலை வருமே’ என்று ஓர் இளைஞர் கேட்டார். பட்டதாரி, கைப்பேசியில் நாள்தோறும் சந்தை விலை பார்ப்பவர். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அவருக்குக் காட்டினோம். குவிண்டாலுக்கு 1,350 ரூபாய் முன்பணம் தந்தால், பத்து விழுக்காட்டு வட்டியில் மூன்று மாதத்துக்கு 34 ரூபாய். கிடங்கு வாடகை மாதம் பத்து ரூபாய் வீதம் 30. காய்வதாலும் பூச்சியாலும் குறையும் எடை ஒன்றரை விழுக்காடு. முன்சொன்ன 90 ரூபாய்ச் செலவு தனி. இவையெல்லாம் போக, 2,000 ரூபாய்க்கு விற்றால் உழவருக்கு நிற்பது 1,816 ரூபாய். 1,900க்கு விற்றால் 1,717 மட்டுமே. பழைய தொங்கு தராசின் 1,764ஐ ஈடுகட்டவே விலை 1,947ஐத் தொட வேண்டும். இளைஞர் தம் கைப்பேசியிலேயே கணக்கைச் சரிபார்த்துவிட்டு, பேசாமல் அமர்ந்துகொண்டார்.

கடல் கடந்த ஒரு பாடம்

முன்பணம் எவ்வளவு தருவது என்ற கேள்வி அடுத்து வந்தது. அன்றைய விலையில் 90 விழுக்காடு தர வேண்டும் என்றார்கள் பலர். அப்போதுதான் வியாபாரியிடம் ஓடமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். எங்களுக்கு அச்சமாக இருந்தது. அந்த அச்சத்துக்கு ஒரு பழைய கதையும் காரணம்.

கனடாவின் மேற்குப் புல்வெளி மாநிலங்களில் கோதுமை உழவர்கள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் ‘கோதுமைக் கூட்டுக்களம்’ என்று சொல்லத்தக்க கூட்டுறவுகளை அமைத்தார்கள். கோதுமையை ஒப்படைத்ததும் ஒரு முன்விலை. ஆண்டு முழுவதும் விற்றுச் சராசரி கண்டபின் மீதிவிலை. சில ஆண்டுகள் சிறப்பாக நடந்தது. 1929இல் புஷல் ஒன்றுக்கு ஒரு டாலர் முன்விலை தந்தார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்தது; சந்தை விலை முன்விலைக்கும் கீழே போயிற்று. 1932 இறுதியில் 40 சென்ட்டுக்கும் கீழே. உழவருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. வங்கிகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும் முடியாது. மாநில அரசுகள் பொறுப்பேற்றுத்தான் வங்கிகளைத் தீர்த்தன.

1935இல் அந்நாட்டு அரசு கோதுமை வாரியத்தை அமைத்தது. விரும்புவோர் விற்கலாம் என்பது தொடக்க விதி. சந்தை உயரும்போது உழவர்கள் வெளியே விற்றார்கள். சந்தை விழும்போது வாரியத்தின் வாசலுக்கு வந்தார்கள். 1943இல், போர்க்காலத்தில், வாரியத்திடமே விற்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அக்கட்டாயம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்தது. எங்கள் கோதுமையை எங்கள் விருப்பப்படி விற்கும் உரிமை எங்கே என்று ஒரு சாராரும், தனித்தனியே போனால் பெரிய தானியக் கம்பெனிகள் நம்மை விழுங்கிவிடும் என்று மறுசாராரும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே வாதிட்டார்கள். 2011இல் வாரியம் நடத்திய வாக்கெடுப்பில் கோதுமை உழவரில் 62 விழுக்காட்டினர் பழைய முறையே தொடர வேண்டும் என்றார்கள். பார்லி உழவரில் 51 விழுக்காட்டினர். அரசு அதை ஏற்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 முதல் சந்தை திறந்துவிடப்பட்டது.

இந்தக் கதையை மாமரத்தடியில் சுருக்கமாகச் சொன்னோம். கட்டாயம் என்ற சொல் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் 1929ஆம் ஆண்டு முன்விலையைக் கேட்டதும் ஒரு மூதாட்டி, “அப்படியானால் கொடுத்த பணத்தைக் கம்பெனி எங்களிடம் திருப்பிக் கேட்குமா?” என்றார். கேட்க முடியாது, ஆகவேதான் குறைவாகத் தர வேண்டும் என்றோம். 75 விழுக்காடு என்று முடிவாயிற்று. ஒரு வங்கி அதிகாரியின் எச்சரிக்கையை விட, பார்த்திராத நாட்டில் நூறாண்டுக்கு முன் பட்ட அடி அன்று எளிதாக எடுபட்டது.

இங்கே வாசகர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தனியாகவே தானியத்தை இருப்பு வைக்க விரும்பும் சிறு, குறு உழவர், கிசான் கடன் அட்டை வைத்திருந்தால், கிடங்கு வளர்ச்சி ஒழுங்காற்று ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்து, அதன் மின்னணு ரசீதை ஈடாகக் காட்டி, பயிர்க்கடனுக்குரிய சலுகை வட்டியிலேயே ஆறு மாதம் வரை கடன் பெற வழியுண்டு. ஒன்று கவனிக்க: பதிவு பெற்ற கிடங்காக இருக்க வேண்டும், தெரிந்தவர் கிடங்கு போதாது. உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, 2020இல் தொடங்கிய 10,000 நிறுவனங்கள் திட்டத்தின் கீழ், உறுப்பினர் பங்குத் தொகைக்கு இணையான மானியம் 15 லட்சம் ரூபாய் வரையிலும், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத வசதியும் வகுக்கப்பட்டன. உத்தரவாதம் இருப்பதால் சொத்து ஈடு கேட்க வேண்டியதில்லை. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் அறுவடைக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பட்டுத் தெரிந்து சொல்கிறோம்.

மாமரத்தடிக்குத் திரும்புவோம். இருட்டும் வேளையில் தீதி ஒரு யோசனை சொன்னார். முழு விளைச்சலையும் கேட்க வேண்டாம். ஆளுக்கு ஐந்து குவிண்டால் மட்டும் நிறுவனத்துக்கு, மீதி அவரவர் விருப்பம். ஐந்து குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் வீதம் குறைந்தால் ஐம்பது ரூபாய். “தராசு இங்கே நிற்பதற்கு ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு திரும்பி வந்தால் குவிண்டாலுக்கு முப்பத்தாறு ரூபாய் போகும்.” வந்த சோளத்தில் பெரும்பகுதியை உடனுக்குடன் விற்பது, கால் பங்கை மட்டும் பதிவு பெற்ற கிடங்கில் வைப்பது என்பதும் அதே யோசனையில் அடக்கம். சிலர் கை தூக்கவில்லை. ஒருவர் எழுந்து போய்விட்டார். பெரும்பான்மையால் நிறைவேறியது.

எங்களுக்கும் ஒரு நன்மை விளைந்தது. 2,000 குவிண்டால், குவிண்டாலுக்கு 1,350 முன்பணம் என்றால் 27 லட்சம் ரூபாய். ஆனால் வந்த சரக்கு பத்துப் பதினைந்து நாளில் விற்றுப் பணமாகத் திரும்புவதால் 15 லட்சம் வரம்பே போதுமானதாயிற்று. சிறிய கடன், விரைந்து சுழலும் கடன். கோப்பை நாங்களே மாவட்டத் தலைநகருக்கு எடுத்துச் சென்றோம். ஹோலிக்கு முந்தைய வாரமே அனுமதி கையில் இருந்தது.

ஏப்ரலில் முதல் லாரி வந்து நின்ற நாளன்று நாங்களும் போயிருந்தோம். ஈரப்பதமானி 14க்கு மேல் காட்டிய மூட்டைகளைத் தயவின்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் அந்தப் பட்டதாரி இளைஞர். அவர் அத்தையின் மூட்டையும் அதில் ஒன்று. அவர் அன்று மாலை வரை மருமகனிடம் பேசவில்லை. பிற்பகலில் சாச்சா ஒரு தள்ளுவண்டியில் தம் சோளத்தைக் கொண்டுவந்தார். சரியாக ஐந்து குவிண்டால். ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசின் எண்களைக் கண்ணை இடுக்கிப் படித்து, சட்டைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மீதிச் சோளத்தை விற்பதற்காகத் தம் தெரு வியாபாரியின் வாசலுக்குப் போனார். நாங்கள் கிளைக்குத் திரும்பும் வழியில் பார்த்தபோது, அங்கும் குனிந்து எண்களைப் படித்து அதே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.